லிங்க்கை விலைக்கு வாங்கினால் தேடலில் மேலே வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு தளங்களுக்குக் காசு கொடுத்து நம் தளத்துக்கு லிங்க் வைக்கச் சொன்னால் தேடலில் மேலே வரலாமா? எஸ்இஓ, அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, பார்க்கிறவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. நேற்று தளம் தொடங்கியவரும் கேட்கிறார், பத்து வருடமாக நடத்துகிறவரும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். லிங்க் வாங்கிச் சிக்கிக்கொண்ட தளங்களைச் சரிசெய்யும் வேலையில் எனக்கு நிறைய நாள் போயிருக்கிறது, அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். காசு கொடுத்து லிங்க் வாங்கினால் ரேங்க் ஏறுமா?

சில நேரம் ஏறும். ஏறவே ஏறாது என்று சொன்னால் அது பொய். ஒருவருக்கும் ஏறவில்லை என்றால் இந்தச் சந்தை இத்தனை வருடம் நடந்திருக்காது. ஆனால் எந்த லிங்க்கால் ஏறியது, எத்தனை நாள் நிற்கும் என்பது வாங்கினவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. நீங்கள் வாங்கிய லிங்க்கைக் கூகுள் கணக்கில் எடுக்காமலே விட்டிருக்கலாம். அப்படி விட்டால் அதை உங்களுக்குச் சொல்லவும் செய்யாது. லிங்க் அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கும், தட்டினால் உங்கள் தளம் திறக்கும், பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், ரேங்க்கில் மட்டும் ஒன்றும் நடக்காது. காசு போனது போனதுதான்.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது ஏறாமல் போவது இல்லை, முதல் இரண்டு மாதம் ஏறுவதுதான். ஏறியதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் வாங்குவோம் என்று தோன்றும், தளத்தில் செய்ய வேண்டிய மற்ற வேலையெல்லாம் தள்ளிப்போகும், ஒரு கட்டத்தில் வருமானமே அந்த லிங்க்குகளை நம்பி நிற்கும். அப்புறம் கூகுளின் தேடல் கணக்கில் ஒரு அப்டேட் வந்து அவற்றின் மதிப்பை எடுத்துவிட்டால், தண்டனை என்று எதுவும் வராமலே தளம் கீழே போய்விடும்.

ஒரு லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கூகுள் பிறந்ததே இந்த யோசனையில்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் பேஜ்ரேங்க் என்ற கணக்கை வெளியிட்டார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பை எடைபோடுவது கல்வித்துறையில் பழைய வழக்கம். அதையே இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு ஓட்டு மாதிரி. ஆனால் எல்லா ஓட்டும் சமம் இல்லை, நிறைய ஓட்டு வாங்கிய பக்கம் போடும் ஓட்டுக்குக் கூடுதல் எடை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஒரு பக்கத்துக்கு இருக்கும் எடை அதிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்கெல்லாம் பிரிந்து போகும். இரண்டு லிங்க் மட்டும் இருக்கும் பக்கத்திலிருந்து உங்களுக்குக் கிடைப்பதும், இருநூறு லிங்க் இருக்கும் பக்கத்திலிருந்து கிடைப்பதும் ஒன்றல்ல. அதாவது, லிங்க் விற்பவர் எத்தனை பேருக்கு விற்கிறாரோ அத்தனைக்கு உங்கள் பங்கு தேய்கிறது. அந்தப் பழைய கணக்கிலேயே இது இருந்தது. இன்றைய கூகுளில் லிங்க் என்பது பல காரணிகளில் ஒன்று, அவ்வளவுதான். 2024 மார்ச்சில் தங்கள் விதிப் பக்கத்தைத் திருத்தியபோது லிங்க்கை ‘முக்கியமான’ காரணி என்று சொல்லியிருந்த இடத்திலிருந்து அந்த ‘முக்கியமான’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள்.

நான் காசு கொடுத்தது கூகுளுக்கு எப்படித் தெரியும்? ரசீதா பார்க்கிறார்கள்?

ரசீது தேவையில்லை. உங்களுக்கு விற்கிறவர் எல்லோருக்கும் விற்கிறார், அது ஒன்றே போதும்.

லிங்க் விற்கும் ஒரு தளத்தைத் திறந்து பத்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள், உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். மேலே உடல்நலம், தொழில்நுட்பம், வீடு, நிதி, பயணம் என்று வரிசையாகப் பிரிவுகள். முதல் கட்டுரை பல் பராமரிப்பு, அடுத்தது ஆன்லைன் சூதாட்டம், அதற்கடுத்தது கூரைக் கசிவு, அப்புறம் கிரிப்டோ. எழுதியவர் பெயர் எல்லாவற்றிலும் அட்மின். கட்டுரை எழுநூறு, எண்ணூறு சொல் இருக்கும், படித்து முடித்தால் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டாவது பத்தியிலோ மூன்றாவதிலோ ஒரு விற்பனைப் பக்கத்துக்கு ஒரே ஒரு லிங்க் இருக்கும், அதுவும் யாரும் பேச்சில் சொல்லாத, தேடல் பெட்டியில் மட்டும் தட்டுகிற சொற்களில். சந்தேகம் வராமல் இருக்க விக்கிபீடியாவுக்கு ஒரு லிங்க் சேர்த்திருப்பார்கள். கீழே ‘எங்களுக்காக எழுதுங்கள்’ என்று ஒரு பக்கம். வேறு யாரும் அந்தத் தளத்தை எங்கும் குறிப்பிடுவதில்லை, வாசகர் என்று ஒருவர் வந்து போன தடயமும் இருக்காது.

மனிதருக்கே இவ்வளவு தெரிகிறது என்றால், கோடிக்கணக்கான பக்கங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் இயந்திரத்துக்கு இது பெரிய விஷயமா? ஒரே விற்பனையாளரிடம் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே தளங்களிலிருந்து லிங்க் பெறுகிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐம்பது தொழில்கள், ஆனால் லிங்க் வரும் இடம் மட்டும் அச்சு அசலாக ஒன்று. அதில் ஒருவர் மாட்டினாலே அந்தத் தளங்கள் வெளிச்சத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து மற்றவர்களும். கூகுள் இதற்கென்றே ஸ்பேம்பிரெய்ன் என்ற அமைப்பை வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த லிங்க் ஸ்பேம் அப்டேட்டில், லிங்க் வாங்கும் தளங்களையும், லிங்க்கை வெளியே தள்ளுவதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் இது சேர்த்தே கண்டுபிடிக்கிறது என்று அவர்களே அறிவித்தார்கள்.

எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறார்களா என்றால், இல்லை. தப்புவதும் உண்டு. ஆனால் கைக்கு எளிதாகக் கிடைக்கிற லிங்க், பட்டியல் போட்டு விலை எழுதி எல்லோருக்கும் அனுப்பப்படுகிற லிங்க், அதுதான் முதலில் மாட்டும். சந்தைக்கு வருவதும் பெரும்பாலும் அந்த வகைதான்.

காசு கைமாறினாலே விதிமீறலா? விளம்பரமே கொடுக்கக் கூடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். விளம்பரமும் ஸ்பான்சர்ஷிப்பும் இணையத்தில் இயல்பான விஷயம் என்று கூகுளின் விதியே சொல்கிறது. ரேங்க்குக்காக வாங்குவதுதான் தப்பு. வித்தியாசம் லிங்க்கின் நிரல்வரியில் இருக்கிறது. கட்டணம் பெற்ற லிங்க்கில், இதை ரேங்க்குக்கு எண்ண வேண்டாம் என்று சொல்லும் ‘நோஃபாலோ’ அல்லது ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியைச் சேர்த்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. நோஃபாலோ 2005 ஜனவரியில் வந்தது, கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்தே அதை ஏற்றன. ஸ்பான்சர்டு, யுஜிசி என்ற இரண்டும் 2019 செப்டம்பரில் சேர்ந்தன. யுஜிசி என்பது கருத்துரை மாதிரி வாசகர்கள் எழுதும் இடங்களில் வரும் லிங்க்குக்கானது.

காசு என்றால் பணம் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருள் இலவசமாகக் கொடுத்து லிங்க் கேட்பதும், சேவை செய்துகொடுத்துக் கேட்பதும் இதே கணக்குதான். 2011-ல் அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் தளம் சிக்கியது இப்படித்தான். கல்லூரித் தளங்களில் தங்களுக்கு லிங்க் வைத்தால் அங்குள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தள்ளுபடி என்று அறிவித்திருந்தார்கள். ஒரு காசும் நேரடியாகக் கைமாறவில்லை, ஆனாலும் தேடலில் கீழே தள்ளப்பட்டார்கள்.

விற்பவர் ‘டிஏ 60, டிஆர் 70’ என்று எண் காட்டுகிறார். அது நல்ல லிங்க்தானே?

அந்த எண்கள் கூகுளுடையவை அல்ல. டிஏ, அதாவது டொமைன் அத்தாரிட்டி, மாஸ் நிறுவனத்தின் மதிப்பீடு; டிஆர், அதாவது டொமைன் ரேட்டிங், ஏரெஃப்ஸ் நிறுவனத்தினுடையது. அவர்கள் தங்கள் சொந்த ரோபோக்களை வைத்து இணையத்தை அலசி, தாங்களாக ஒரு கணக்குப் போட்டுத் தருகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும், நானும் தினமும் பயன்படுத்துகிறேன், ஆனால் கூகுள் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

கூகுளே ஒரு காலத்தில் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டியது. 2000-ல் வந்த அவர்களின் டூல்பாரில் 0 முதல் 10 வரை ஒரு பச்சைப் பட்டை தெரியும். லிங்க் சந்தை வளர்ந்ததில் அந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு, ஏனென்றால் விலை சொல்ல எல்லோருக்கும் ஒரு பொது எண் கிடைத்துவிட்டது: ஏழுக்கு இவ்வளவு, எட்டுக்கு இவ்வளவு. 2016-ல் அந்தப் பட்டையை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். அது போனதும் அந்த இடத்துக்கு டிஏவும் டிஆரும் வந்து உட்கார்ந்தன.

இந்த எண்களை ஏற்றுவதும் கடினம் இல்லை. மலிவான லிங்க்குகளைக் குவித்தால் எண் ஏறும், வாசகர் ஒருவர்கூட வரமாட்டார். அதனால் ஒரு தளத்தின் எண்ணைப் பார்க்காதீர்கள், அந்தத் தளத்துக்குத் தேடலிலிருந்து ஆட்கள் வருகிறார்களா, எந்தச் சொற்களுக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். டிஆர் 70 இருந்து, வருகை வரைபடம் ஒரு மாதத்தில் செங்குத்தாக விழுந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது என்றால் அந்தத் தளம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து லிங்க் வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்?

என் போட்டியாளர் வாங்குகிறார், எனக்கு மேலேயும் இருக்கிறார். இதற்கு என்ன பதில்?

வயிற்றெரிச்சலான விஷயம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் வாங்குவதும் உண்மை, மேலே இருப்பதும் உண்மை என்பதற்காக ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய லிங்க் பட்டியலில் உங்கள் கண்ணில் படுவது அந்த மட்டமான லிங்க்குகள், ஏனென்றால் அவைதான் எண்ணிக்கையில் அதிகம். பட்டியலின் நடுவில் ஒரு செய்தித்தாளிலிருந்தோ ஒரு தொழில் சங்கத்திலிருந்தோ உண்மையாக வந்த பத்து லிங்க் இருக்கும், தளமும் உங்களுடையதை விடப் பழையதாக இருக்கும், பக்கத்தில் பதில் தெளிவாக இருக்கும். அவரைத் தூக்கி நிறுத்தியிருப்பது அதுவாக இருந்தால், நீங்கள் போய் அந்த மட்டமான லிங்க்குகளை மட்டும் வாங்கி வருவீர்கள். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்துவிட்டேன்.

பிடிபட்டால் என்ன நடக்கும்?

இரண்டு வழி. ஒன்று அல்காரிதம் வழி, அதாவது கூகுளின் கணக்கே தானாகச் செய்வது, இன்னொன்று ஆள் பார்த்து எடுக்கும் நடவடிக்கை.

முதல் வழியின் பெரிய உதாரணம் பெங்குயின் என்ற கூகுள் அல்காரிதம். 2012 ஏப்ரல் 24 அன்று வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தைப் பாதிக்கும் என்று கூகுளே சொன்னது. அன்றைய பெங்குயின் தொடர்ந்து ஓடவில்லை, அவ்வப்போதுதான் ஓடியது. அதாவது ஒருமுறை அடி வாங்கினால், லிங்க்குகளை எல்லாம் சுத்தம் செய்த பிறகும் அடுத்த ஓட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் வந்ததற்கு அடுத்த பெரிய பதிப்பு 2016 செப்டம்பரில்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஒரு சிறு தொழில் அவ்வளவு நாள் தாங்குமா என்று யோசித்துப் பாருங்கள். 2016 பதிப்பிலிருந்து பெங்குயின் கூகுளின் மையக் கணக்கிலேயே சேர்ந்து தொடர்ந்து இயங்குகிறது, தளம் முழுவதையும் தள்ளுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் மோசமான லிங்க்கின் மதிப்பை மட்டும் எடுத்துவிடுகிறது. இன்று பலருக்கு நடப்பது இந்த அமைதியான வகைதான்.

இரண்டாவது வழியில், தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அறிவிப்பு வரும்: உங்கள் தளத்துக்கு இயற்கையல்லாத லிங்க்குகள் வருகின்றன என்று. விற்றவருக்கு இதற்கு எதிர்ப்பக்க அறிவிப்பு, உங்கள் தளத்திலிருந்து இயற்கையல்லாத லிங்க்குகள் போகின்றன என்று.

இதில் 2011-ன் ஜேசி பென்னி கதையை எத்தனை முறை சொன்னாலும் தகும். அமெரிக்காவின் அந்தப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் துருவிப் பார்த்ததில், துணிக்கும் விரிப்புக்கும் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதன் லிங்க்குகள் இருந்தன. அவற்றை வைத்தது நாங்கள் இல்லை என்று நிறுவனம் சொன்னது, எஸ்இஓ பார்த்த ஏஜென்சியை நீக்கியது. கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று மாலை ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த பக்கம், இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது.

பெரிய நிறுவனங்கள் மாட்டினாலும் சீக்கிரம் திரும்பி வந்துவிடுகின்றனவே?

வருகின்றன. பிரிட்டனில் பூ விற்கும் இன்டர்ஃப்ளோரா 2013 பிப்ரவரியில் வட்டாரச் செய்தித்தாள்களின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வழியே லிங்க் வைத்ததற்காகத் தள்ளப்பட்டது, சொந்தப் பெயரைத் தேடினால்கூட வரவில்லை. ஆனால் 11 நாளில் திரும்பி வந்துவிட்டது. பாடல் வரிகளுக்கான ராப் ஜீனியஸ் 2013 கிறிஸ்துமஸ் அன்று விழுந்து, 2014 ஜனவரி 4-ல் திரும்பியது. அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு அது கிடைக்காவிட்டால் தேடுபொறிக்கே கெட்ட பெயர் என்பது ஒரு காரணம். இரவு பகலாக உட்கார்ந்து லிங்க் நீக்க அவர்களிடம் ஆட்கள் இருந்தார்கள் என்பது இன்னொன்று. உங்களுக்கும் எனக்கும் அந்த இரண்டும் கிடையாது. நம் தளம் காணாமல் போனால் தேடுகிறவர் அடுத்ததைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

கூகுள் தன் சொந்த ஆட்களையும் விடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2009-ல் கூகுள் ஜப்பான் ஒரு விளம்பரத்துக்காகக் கட்டணப் பதிவுகளை எழுத வைத்தபோது, அந்தத் தளத்தின் பேஜ்ரேங்க் 9-லிருந்து 5-க்கு இறக்கப்பட்டது. 2012 ஜனவரியில் குரோம் பக்கத்துக்கும் இதே காரணத்துக்காக இரண்டு மாதத் தண்டனை.

விருந்தினர் கட்டுரை, லிங்க் பரிமாற்றம், பிபிஎன், பழைய டொமைன்: இவையெல்லாம்?

விருந்தினர் கட்டுரை எழுதுவது தப்பில்லை. உங்கள் துறையில் வாசகர்கள் உள்ள ஓர் இடத்தில், உங்கள் பெயரில், சொல்ல ஏதாவது இருந்து எழுதினால் நல்லது. நூறு தளங்களுக்கு ஒரே கட்டுரையைச் சொல் மாற்றி அனுப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு லிங்க் சொருகுவது விதிமீறல். நீ எனக்கு, நான் உனக்கு என்று அளவுக்கு மீறிப் பரிமாறிக்கொள்வதும் அப்படியே.

பிபிஎன் என்றால் ஒரே ஆள் பல தளங்களை வைத்துக்கொண்டு அவற்றிலிருந்து லிங்க் விற்பது. பெரும்பாலும் பழைய, காலாவதியான டொமைன்களை ஏலத்தில் எடுத்து நடத்துவார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடமோ அறக்கட்டளையோ வைத்திருந்த முகவரியில் இன்று சூதாட்டக் கட்டுரை இருக்கும். பார்க்கவே மனது வலிக்கும். காலாவதியான டொமைன்களை இப்படிப் பயன்படுத்துவதைக் கூகுள் 2024 மார்ச்சில் தனி ஸ்பேம் வகையாகவே அறிவித்துவிட்டது. இதில் வாங்குவது வேண்டாம்.

நோஃபாலோ லிங்க்குக்குக் காசு கொடுத்தால் பலன் உண்டா?

ரேங்க்குக்காக என்றால் எதிர்பார்க்க வேண்டாம். 2019 செப்டம்பர் முதல் நோஃபாலோவைக் கூகுள் கட்டாயக் கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் அதை நம்பிக் காசு போட முடியாது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே படிக்கும் ஒரு தளத்தில் விளம்பரமாக லிங்க் வைத்தால், அதைத் தட்டி வருகிறவர்கள் வருவார்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை இது: நாளைக்குக் கூகுளே இல்லாமல் போனாலும் இந்த லிங்க்குக்கு இந்தக் காசு கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் வாங்குங்கள், ஸ்பான்சர்டு குறியோடு.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் பதற வேண்டாம். சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கைகள் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை, வாங்கியதும் கொஞ்சம்தான் என்றால், வாங்குவதை நிறுத்துங்கள், முடிந்தவற்றை நீக்கச் சொல்லுங்கள், அப்புறம் தளத்தைக் கவனிக்கப் போய்விடுங்கள்.

நடவடிக்கை வந்திருந்தால் வேலை இருக்கிறது. சர்ச் கன்சோலிலிருந்து லிங்க் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள், ஏரெஃப்ஸ் மாதிரி ஒரு கருவியிலிருந்தும் எடுத்துச் சேர்த்து, ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க் எந்தச் சொற்களின் மேல் இருக்கிறதோ அந்தச் சொற்கள், அந்த வரிசையை மட்டும் அகரவரிசையில் அடுக்குங்கள். ஒருவருடைய பட்டியலை இப்படி அடுக்கியபோது, திரையை நகர்த்த நகர்த்த அதே நான்கு சொற்கள், ஓர் எழுத்து மாறாமல், பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்த அவரே “இதை நானே பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேனே” என்றார். இயல்பாக வரும் லிங்க்குகள் அப்படி இருக்காது. தளத்தின் பெயர் இருக்கும், பெயரைத் தப்பாக எழுதியது இருக்கும், வெறும் முகவரி இருக்கும், ‘இங்கே பாருங்கள்’ இருக்கும். பத்துப் பேர் பத்து விதமாகத்தான் எழுதுவார்கள்.

அடையாளம் கண்ட பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி, லிங்க்கை எடுக்கவோ நோஃபாலோ சேர்க்கவோ கேளுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் என்று குறித்து வையுங்கள். சிலர் லிங்க்கை எடுக்கவே காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பதில் வராதவற்றை, இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ கோப்பில் போடலாம். 2012 அக்டோபரில் கூகுள் கொண்டுவந்த கருவி அது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, வரிக்கு ஒரு தளம். இதை எச்சரிக்கையாகச் செய்யுங்கள், நல்ல லிங்க்கையும் சேர்த்துத் தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். கைமுறை நடவடிக்கை வந்தவர்களும், வாங்கிய லிங்க்குகளால் அது வரும் என்று நியாயமாகப் பயப்படுகிறவர்களும் மட்டும் தொட வேண்டிய கருவி.

கடைசியாக, நடவடிக்கையை விலக்கச் சொல்லிக் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனைக் கோரிக்கை. இதில் மழுப்பாதீர்கள். யாரிடம் வாங்கினோம், எப்போது, எவற்றை நீக்கினோம், எவை முடியவில்லை என்று நேராக எழுதுங்கள். முதல் முறை நிராகரிக்கப்படுவது சகஜம், இன்னும் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப அனுப்பலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நடவடிக்கை விலகியதும் பழைய ரேங்க் அப்படியே திரும்பாது. அந்த ரேங்க்கில் வாங்கிய லிங்க்குகள் தூக்கிக் கொடுத்த பங்கு போய்விட்டதே.

போட்டியாளர் வேண்டுமென்றே என் தளத்துக்கு மோசமான லிங்க் வாங்கி விட்டால்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எந்தத் தளத்துக்கும் குப்பை லிங்க்குகள் தானாகவே வந்து சேரும், கூகுள் அவற்றை ஒதுக்கிவிடுகிறது. ரேங்க் சரிந்த நாளில் லிங்க் பட்டியலைத் திறந்து பயப்படுகிறவர்கள் நிறைய. சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

கூகுள் மட்டும்தான் இப்படியா?

இல்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் இதில் இன்னும் தூரம் போனது. 2014-ல் மாஸ்கோ பகுதியில் சில வணிகத் துறைத் தேடல்களுக்கு லிங்க்கை ரேங்க் கணக்கிலிருந்தே எடுத்துப் பார்த்தது. அப்படியும் மக்கள் லிங்க் வாங்குவதை நிறுத்தவில்லை. 2015 மே மாதம் மினுசின்ஸ்க் என்ற அல்காரிதத்தைக் கொண்டுவந்து, வாங்கும் தளங்களை நேரடியாகத் தள்ளத் தொடங்கியது. சீனாவின் பைடுவும் 2013 பிப்ரவரியில் லிங்க் விற்பனையைக் குறிவைத்தே ஓர் அல்காரிதம் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியின் விதிகளும் இதைத் தடுக்கின்றன.

அந்தக் காசை வேறு எதில் போடலாம்?

மற்றவர்கள் எடுத்துக்காட்ட வேண்டிய அவசியம் வருகிற ஒன்றை உருவாக்குவதில். பெரிய பேச்சாகத் தோன்றும், ஆனால் நடைமுறையில் இது சின்ன வேலைதான். உங்கள் துறையில் எல்லோரும் கையால் போடும் ஒரு கணக்கை இணையத்திலேயே போட்டுத் தரும் கருவி. வேறெங்கும் சேர்த்து வைக்கப்படாத ஓர் அட்டவணை, அதைத் தவறாமல் புதுப்பிப்பது. உங்கள் வேலையில் தானாகச் சேரும் தகவலைத் தொகுத்து வெளியிடுவது. எழுதுகிறவர்களுக்கு ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரம் உங்களிடம் இருந்தால் லிங்க் வரும்.

அதோடு, ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியதை வாங்குங்கள். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு லிங்க் வைக்காமல் விட்ட பக்கங்கள் இருக்கும், பணிவாகக் கேட்டால் பலர் வைத்துவிடுவார்கள். உங்கள் பழைய முகவரிக்கு வந்து உடைந்து நிற்கும் லிங்க்குகள் இருக்கும், வருகிறவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போட்டாலே அவை உயிர்பெறும். லிங்க் வாங்கத் துடிக்கும் தளங்களில் நான் முதலில் தேடுவது இந்த உடைந்த லிங்க்குகளைத்தான், பெரும்பாலும் ஏதாவது கிடைத்துவிடும்.

லிங்க்கே இல்லாமல் மேலே வர முடியுமா?

போட்டி குறைவான, குறிப்பான தேடல்களில் முடியும். எல்லோரும் மோதும் ஒற்றைச்சொல் தேடல்களில் கடினம். புதிய தளம் என்றால் குறிப்பானவற்றில் தொடங்குங்கள்.

என் ஏஜென்சி மாதாமாதம் ‘லிங்க் பில்டிங்’ என்று கட்டணம் வாங்குகிறது. வாங்கித்தான் வைக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். மாதத்துக்கு இத்தனை லிங்க் என்று எண்ணிக்கை உறுதி கொடுக்கிறார்களா? உண்மையாக வரும் லிங்க்குக்கு யாரும் எண்ணிக்கை உறுதி கொடுக்க முடியாது, அது அடுத்தவர் எடுக்கும் முடிவு. லிங்க் வரும் தளங்களுக்குக் காசு போகிறதா, போனால் ஸ்பான்சர்டு குறி இருக்கிறதா? எந்தெந்தப் பக்கம் என்று முழு முகவரியோடு காட்டுவார்களா, அல்லது டிஏ எண்ணை மட்டும் அறிக்கையில் போடுவார்களா? ஜேசி பென்னி விஷயத்தில் பார்த்தீர்கள், வைத்தது ஏஜென்சியாக இருந்தாலும் கீழே போவது உங்கள் தளம்.

காட்டிய பக்கங்களில் ஒரு ஐந்தை நீங்களே திறந்து படியுங்கள். மேலே சொன்ன அட்மின் கட்டுரைகள் மாதிரி இருந்தால் ஒப்பந்தத்தை நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்துகிறேன் என்று சொல்வதற்கு முன்னால், இதுவரை வைத்த எல்லா லிங்க்குகளின் பட்டியலையும், எந்தத் தளத்தில் யாரைத் தொடர்புகொண்டார்கள் என்பதோடு, கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுத்தம் செய்ய உட்காரும்போது அந்தப் பட்டியல் இல்லாமல் பாதி நாள் தேடுவதிலேயே போய்விடும்.